ஆறாவது தோள்

இடப்பக்கத்துப் பின்னல் முடிந்திருந்தது. வலப்பக்கத்து மயிரைப் பேர்ணடெற் மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஓடெஸா மூச்சு விடுவதை நிறுத்தினார். நிறுத்தினார் என்றுதான் சொல்லவேண்டும். இழுபடவில்லை, திணறவில்லை. வேலை முடிந்து மெஷினை அணைத்துவிட்டு எழும்பிப் போகிற ஆளைப்போல ஒரு மூச்சை வெளியே விட்டார். அடுத்ததை எடுக்கவில்லை.

பேர்ணடெற் பிடித்த மயிரை விடாமல் கொஞ்சநேரம் காத்திருந்தாள். தெருவில் உறைபனிக்கு உப்புத் தூவும் வண்டி உறுமிக்கொண்டு போனது. பிறகு தேங்காயெண்ணெயில் விரலைத் தொட்டு, பிரித்த மயிரைப் பின்னி முடித்தாள். பாதி பின்னின தலையோடு மாமியாரை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நுனியில் கட்டுப் போட்ட பிறகுதான் படியடிக்குப் போய், கீழே இருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

கிளிபோட் ஏறி வந்தான். நகரத்து பஸ்களைத் திருத்தும் கராச்சில் வேலை செய்கிறவன், நெடிய மனிதன். கட்டிலருகே முழந்தாளிட்டுத் தாயின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். தானும் அழுவேன் என்றுதான் பேர்ணடெற் நினைத்தாள். வந்தது நீண்ட பெருமூச்சு. வயிற்றில் வந்த புற்று மாரிக்குளிர் முழுக்க அந்த மனுசியை இரவிரவாக உருட்டி எடுத்திருந்தது. இனி நோகாது. அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவுமில்லை.

ஓடெஸா டிட்றொயிற்காரி, கறுப்பின அமெரிக்கர். ரெயில்வேயில் போர்ட்டராக இருந்த ரொறன்ரோக்காரர் ஒருவரைக் கட்டி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு இந்தப் பக்கம் வந்தவர். பேர்ணடெற் பாசையூர்க்காரி. எண்பத்தேழில் அகதியாக வந்து, ஸ்காபரோவில் கார்க் கதவுகளுக்கு உதிரிப்பாகம் செய்கிற பக்ரறியில் சேர்ந்து, பஸ்ஸில் தினமும் கண்ட கிளிபோட்டை விரும்பிக் கட்டினாள். கலியாணத்துக்கு அவளுடைய பக்கத்தில் பாதிச் சனம் வரவில்லை. ஆபிரிக்க இனத்தவரைக் குறிக்க நம்மவர் வாயில் ஒரு சொல் இருக்கிறது, அதை இங்கே எழுத வேண்டாம். அந்தச் சொல்லைச் சொல்லி, அவனைக் கட்டினவள் என்று அவளைச் சுட்டினார்கள். தகப்பன் இரண்டு வருஷம் டெலிபோன் எடுக்கவில்லை.

கலியாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை பேர்ணடெற் விட்ட பிழை ஒன்றும் உண்டு. மரியாதையாக இருக்கட்டும் என்று "மாமி" என்று கூப்பிட்டாள். ஓடெஸாவின் முகம் கல்லாய்ப் போனது. அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளை வளர்த்த கறுப்பு வேலைக்காரிகளை அந்தக் காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று இரவு கிளிபோட் விளக்கினான். அடுத்தநாள் பேர்ணடெற் கண் கலங்கி, எங்கட பாஷையில அதுக்கு இப்படி அர்த்தம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். ஓடெஸா கேட்டுவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் "அம்மா" ஆனார்.

அந்த அம்மா பேர்ணடெற்றிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். இதுதான் இப்போது அவள் நெஞ்சில் கனத்தது.

தைமாதத்தில் ஒருநாள் குளிக்க வார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டது. செத்தால் தன்னைப் பெண்கள் தூக்கவேண்டும், ஆறு பெண்கள், வண்டியில் வைத்து உருட்டக்கூடாது என்றார். ஏன் இதைக் கிளிபோட்டிடம் சொல்லவில்லை என்று பேர்ணடெற் கேட்டாள். அவன் அழுவான், ஓம் என்பான், பிறகு சேர்ச்சு ஆம்பிளைகள் சொல்வதைக் கேட்பான் என்று ஓடெஸா சொன்னார். பிறகு கதையைச் சொன்னார்.

யுத்தகாலத்தில் டிட்றொயிற் முழுக்க யுத்தத் தாங்கியும் விமான எஞ்சினும் செய்தார்கள். ஆள் போதவில்லை என்று சுவர் சுவராக அறிவித்தல். ஆனால் கறுப்புப் பெண்கள் வாசலுக்குப் போனால் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். யுத்தத் தொழிற்சாலையில் நிறம் பார்த்து ஆளைத் தள்ளக்கூடாது என்று ஜனாதிபதி கையெழுத்து வைத்து ஒரு வருஷம் தாண்டியும் அதே கதை. ஒருத்தியாகப் போனால் விரட்டுகிறார்கள் என்று, பஸ் பிடித்துப் பஸ் நிறையப் போய் வாசலில் நின்றார்கள். வேலை கிடைத்தது. கையில் கொடுத்தது கூட்டுகிற தும்புத்தடி. அதற்கும் சண்டை பிடித்து, கடைசியில் ஓடெஸாவையும் அவருடைய சிநேகிதி லொறீனையும் துளைபோடும் மெஷினில் விட்டார்கள். அவர்கள் இருவரும் மெஷினுக்குக் கிட்டப் போன அந்த நிமிஷத்தில் வெள்ளைக்காரர் எல்லாரும் தங்கள் மெஷின்களை நிறுத்திவிட்டு வெளியே நடந்தார்கள். பக்ரறி முழுக்கச் சத்தம் அடங்கிப்போக, அந்த இரண்டு குமரிகள் மட்டும் நின்றார்கள். யுத்தம் காத்திருக்காது என்று மேலிடம் அதட்டிய பிறகு, போனவர்கள் திரும்பி வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை நடந்தது.

அடுத்த மாரியில் லொறீன் நியூமோனியாவில் செத்துப்போனாள். சேர்ச்சில் இளந்தாரிகள் இல்லை, எல்லாரும் கடலுக்கு அப்பால். கூடவேலை செய்த பெண்கள் வேலை உடுப்போடு வந்து பிரேதப் பெட்டியைத் தூக்கினார்கள். போதகர் தடுக்கவில்லை. யுத்தம் முடிந்த கிழமையே பக்ரறியில் அத்தனை பெண்களையும் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓடெஸா மற்றவர்களின் குசினி வேலைக்குத்தான் திரும்பிப் போனார். சில வருஷம் கழித்து லொறீனின் தாய் செத்தபோது ரொறன்ரோவிலிருந்து ரெயில் ஏறிப் போய், தூக்கவென்று பெட்டியடிக்குப் போனார். அதே போதகர் தோளைத் தொட்டு, பொடியன்மார் திரும்பி வந்துவிட்டார்கள் சகோதரி, நீங்கள் போய் உட்காருங்கள் என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு ஓடெஸா, சவர்க்கார நுரையில் கிடந்த தன் எலும்புக் கையைப் பார்த்தார்.

"யுத்தம் வந்தால் எங்களுக்குத் தோள் முளைக்கிறது, பேர்ணடெற். யுத்தம் முடிந்தால் அதை உள்ளே மடித்து வைக்கச் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்ததுதான் பிழை. உட்கார்ந்திருக்கக்கூடாது."

பேர்ணடெற் ஓம் என்றாள். அந்த ஓம்தான் இப்போது அவள் தலையில்.

செத்தது புதன்கிழமை. அடக்கம் சனிக்கிழமை என்று முடிவானது. புதன் பின்னேரமே கிளிபோட் சேர்ச்சு மூப்பர் பெல்லுக்கு டெலிபோன் எடுத்து, ஆறு ஆண்களின் பெயரும் பேசி முடித்துவிட்டான். தனக்கும் அதில் ஒரு இடம் வைத்திருந்தான். அதன் பிறகுதான் பேர்ணடெற் குசினியில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். கதிரையில் உட்கார்ந்து, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டான். பெற்ற தாயை மகன் தூக்காமல் விட்டால் சனம் என்ன சொல்லும் என்று கேட்டான். ஓடெஸா சொன்ன காரணம் பேர்ணடெற்றிடம் இருந்தது. அவன் கலங்கின கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. வாக்குக் கொடுத்திட்டன் என்று மட்டும் சொன்னாள். அப்படியென்றால் மிஸ்ரர் பெல்லிடம் நீயே சொல் என்றான். தான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றும் சொன்னான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

வியாழக்கிழமை பேர்ணடெற் லீவு சொல்லப் பக்ரறிக்குப் போனாள். சாப்பாட்டு இடைவேளையில் தமிழ்ப் பெண்கள் வழமையாக இருக்கும் மேசைக்குப் போய் நின்றாள்.

அந்த மேசைக்கு ஓடெஸாவைத் தெரியும். நேரில் கண்டது இரண்டொருவர்தான், ஆனால் டிட்றொயிற் அம்மா என்றால் எல்லாருக்கும் விளங்கும். மூன்று வருஷத்துக்கு முதல் தவமணிக்குக் கணுக்கால் வீங்கி, இருந்து வேலை செய்ய ஒரு கதிரை கேட்டபோது சுப்பவைசர் தரமாட்டேன் என்றான். கஷ்டமென்றால் வீட்டில் நில் என்றான். பேர்ணடெற் வீட்டில் போய் இதைச் சொல்ல, ஒருத்தியாகப் போகாதே, பஸ் நிறையப் போ என்று ஓடெஸா சொன்னார். அவர் சொன்னபடியே லைனில் நின்ற அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் ஒஃபிஸ் கதவடியில் போய் நின்றார்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் சும்மா நின்றார்கள். நின்றதே போதுமாக இருந்தது. தவமணிக்கு மட்டுமல்ல, லைன் முழுக்கவும் கதிரை வந்தது.

ஆனால் கதிரை வேறு, பிரேதம் வேறு.

பேர்ணடெற் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். ஒருத்தி ரொட்டியைப் பிட்டபடி நின்றுவிட்டாள். முதலில் வாய் திறந்தது தவமணி. பேர்ணடெற் கலியாணம் கட்டின புதிதில் அந்த எழுத வேண்டாத சொல்லை இதே மேசையில் சொன்னவளும் இவள்தான்.

"கலியாண வீட்டுக்கே என்னை ஒருத்தரும் ஒழுங்காக் கூப்பிடுறேல்லை," என்றாள். "செத்த வீட்டுக்கு எண்டாலும் கூப்பிடுறாய். வாறன். அந்த மனுசி தந்த கதிரையிலதான் மூண்டு வருஷமா இருக்கிறன்."

அருள்நாயகியும் வருவதாகச் சொன்னாள். அவள் மன்னார்க்காரி, அதிகம் பேசமாட்டாள், தலையை ஆட்டினால் ஆட்டினதுதான். மற்றவர்களில் ஒருத்திக்கு வயிற்றில் பிள்ளை. ஒருத்திக்கு முதுகு நோ. இன்னொருத்தி, இவரைக் கேட்டுச் சொல்லுறன் என்று எழும்பினாள். அவள் சொல்லமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஓடெஸாவின் சேர்ச்சில் பாடுகிற அக்கா தங்கை இருவர், ஜமேக்காக்காரர், முதல்நாளே சம்மதித்திருந்தார்கள். பேர்ணடெற்றோடு ஐந்து பேர். இன்னும் ஒரு தோள் வேண்டும்.

எல்லாரும் இராஜேஸ்வரி அக்காவைப் பார்த்தார்கள்.

இராஜேஸ்வரிதான் அந்த லைனின் லீடர். பாரமான பெட்டி தூக்கும்போது அவதான் குரல் கொடுப்பா, அவவின் குரலுக்குத்தான் எல்லாருடைய முதுகும் நிமிரும். அவ சாப்பாட்டுப் பெட்டியை மூடினா.

"என்னை விடு, பிள்ளை," என்றா. "அடுத்த மாதம் மகளின்ர கலியாணம். றிச்மண்ட் ஹில் கோயில்ல நாளும் வைச்சாச்சு. நல்ல காரியம் வைச்சுக்கொண்டு செத்த வீட்டு வாசல் மிதிக்கேலாது. மாப்பிள்ளை வீட்டுச் சனம் அறிஞ்சா என்ன சொல்லும்?"

"விளங்குது அக்கா," என்றாள் பேர்ணடெற்.

"உனக்கு விளங்காது." இராஜேஸ்வரி குரலைத் தாழ்த்தினா. "நான் ஒருக்காத் தூக்கினனான். போதும்."

அதன் பிறகு, பெட்டிமூடியில் விரலை வைத்துக்கொண்டு, கேட்காமலே சொன்னா. எண்பத்தேழு ஐப்பசி, ஊரடங்கு. ஒழுங்கை முழுக்க ஆமி. மாமனார் இழுப்பு வந்து செத்துப்போனார். ஆம்பிளைகள் வெளியே தலைகாட்டினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. இரண்டு நாள் பார்த்தார்கள், மூன்றாம்நாள் பொறுக்க முடியவில்லை. வீட்டிலிருந்த பெண்கள் நாலுபேர் ஏணியில் கிடத்தித் தோளில் தூக்கிப்போய்ப் பின்வளவில் எரித்தார்கள். கொள்ளி வைத்தது இராஜேஸ்வரி. ஊர் கொஞ்சம் அடங்கினதும் கொழும்பிலிருந்து வந்த மூத்த மைத்துனர், பொம்பிளை வைத்த கொள்ளி சேராது என்று ஐயரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வித்தார். அந்தச் சடங்கு நடந்தபோது இராஜேஸ்வரியைக் குசினிக்குள் நிற்கச் சொன்னார்கள்.

"அண்டைக்குப் பிழை எண்டு சொல்ல ஒருத்தரும் ஒழுங்கையில இறங்கி வரேல்லை," என்றா. "இறங்கி வரலாம் எண்டு ஆன பிறகுதான் பிழை எண்டவை."

மணி அடித்தது. அவ எழும்பிப்போய்க் கையுறையைப் போட்டுக்கொண்டா. பேர்ணடெற் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த என்ன உரிமை? அவவுடைய மகளின் வாழ்க்கை.

வெள்ளி பின்னேரம் மூப்பர் பெல் வீட்டுக்கு வந்தார். எழுபது தாண்டியும் வளையாத மனிதர், கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. ஓடெஸாவின் செத்துப்போன கணவரோடு ஒரே ரெயிலில் வேலை செய்தவர். பேர்ணடெற் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். அவர் இடையில் பேசாமல் கேட்டார். பிறகு நிதானமாகத் தன் பக்கத்தைச் சொன்னார். போர்ட்டர்கள் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கியவர்கள். பெயர்கூட ஒருவரும் கேட்டதில்லை, எல்லாரையும் ஒரே பெயரில் கூப்பிட்டார்கள். எங்களவர்களுக்குக் கடைசியாகத் தூக்குகிற பெட்டிதான் நாங்கள் விரும்பித் தூக்குவது. அதை நீங்கள் எங்களிடமிருந்து எடுக்கிறீர்கள், மகளே, என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.  பேர்ணடெற்றுக்குப் பேச்சுத்திறன் கிடையாது, அதுவும் ஆங்கிலத்தில். ஓடெஸா குளிக்கும்போது சொன்ன வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொன்னாள். தோள் முளைத்ததையும் மடித்து வைத்ததையும். உட்கார்ந்தது பிழை என்று சொன்னதையும்.

கிளிபோட் வாசல்நிலையில் சாய்ந்து நின்றான். தாய் சொன்னதை அவன் அப்போதுதான் முழுதாகக் கேட்டான். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மூப்பர் கோப்பையை வைத்தார். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐந்து, என்றாள் அவள். ஆறு பேர் வந்தால் நான் வழி விடுகிறேன் என்றார். ஐந்து பேரோடு ஓடெஸாவை ஒரு பக்கம் சரிய விடமாட்டேன். அப்படியானால் என்னுடைய ஆட்கள் ஆறு பேரும் தூக்குவார்கள், நீங்கள் கோபப்படக்கூடாது என்றார். அதுவும் நியாயம்தான்.

அன்றிரவு பேர்ணடெற் தெரிந்த இடமெல்லாம் டெலிபோன் எடுத்தாள். பாசையூர்ச் சனத்தில் மூன்று பேரைக் கேட்டாள். பிரேதமோ, பிறத்தியாரோ, பெண்கள் தூக்குவதோ, ஏதோ ஒன்று ஒவ்வொருவருக்கும் இடித்தது. ஒருத்தி மட்டும் உள்ளதைச் சொன்னாள். எங்கட ஆக்களைத் தூக்கவே ஆளில்லை, உன்ர மாமிக்கு ஏன் நாங்கள் என்று.

சனி காலை வெயில் எறித்தது. ஆனால் முதல்நாள் பெய்த மழை உறைந்து இறுகி, சேர்ச்சுப் படிகள் கண்ணாடி போட்டதுபோல மினுங்கின. அடக்கச்சாலைக்காரர் உப்புப் போடச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெலிந்த வெள்ளைக்காரர், எதையும் காதுக்குள் சொல்கிற குரல். உருட்டுவண்டி ஒன்றும் ஆயத்தமாக நின்றது.

தவமணியும் அருள்நாயகியும் அருள்நாயகியின் கணவனின் வானில் வந்து இறங்கினார்கள். சேலை வேண்டாம், கறுப்புக் காற்சட்டை, பக்ரறிச் சேஃப்ரி சப்பாத்து என்று பேர்ணடெற் சொல்லியிருந்தாள். வழுக்காது, விழுந்தாலும் விரல் நசியாது. அடக்கச்சாலைக்காரர் அந்த இரும்புமூக்குச் சப்பாத்துகளைப் பார்த்தார்.

"என்னடி, உள்ளுக்க போய் ஷிப்ற் தொடங்குறதோ?" என்று தவமணி காதுக்குள் கேட்டாள். பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கிளிபோட்டின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ஆராதனை நீண்டது. பாட்டு அந்தக் கூரையை உயர்த்துகிறதுபோல எழும்பியது. பேர்ணடெற் ஒன்றையும் கேட்கவில்லை. ஒவ்வொரு தரமும் கதவு திறக்கும்போது திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். பிந்தி வந்த கிழவர் ஒருவர். பிறகு யாரும் வரவில்லை. கடைசிப் பாட்டு முடிந்தது. மூப்பர் பெல் எழும்பி அவளைப் பார்த்தார், புருவத்தை மட்டும் உயர்த்தினார். இல்லை என்று அவள் தலையை ஆட்டவேண்டியதாயிற்று. பின்வரிசையில் கறுப்புக் கையுறை போட்ட ஆறு ஆண்கள் எழும்பினார்கள்.

முதலாவது வரிசைக்கு அவர்கள் வந்து சேரவும், பக்கக் கதவு திறந்தது.

இராஜேஸ்வரி உள்ளே வந்தா. பக்ரறி ஜக்கற், தலையில் கம்பளித் தொப்பி, காலில் சேஃப்ரி சப்பாத்து, கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. நேரே பேர்ணடெற்றிடம் வந்து பையை அவளுடைய வாங்குப் பலகையில் வைத்தா.

"மாத்து உடுப்பு," என்றா. "உன்ர வீட்டில குளிச்சுத் தோஞ்சிட்டுத்தான் போவன். பஸ் பிந்திப்போச்சு."

"அக்கா, கலியாணம்..."

"மகளிட்டச் சொன்னனான். போங்கோ அம்மா எண்டவள். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் சொல்லேல்லை, தவமணியின்ர வாயைத்தான் நீ கட்டவேணும்." பிறகு பெட்டியைப் பார்த்தா. "ஆர் எந்தப் பக்கம்?"

மூப்பர் பெல் இராஜேஸ்வரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தன் ஆட்களை நோக்கிக் கையைத் தாழ்த்தினார். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

கட்டையான இரண்டு பேர் முன்னுக்கு, பேர்ணடெற்றும் ஜமேக்கா அக்காவும் நடுவில், தங்கை பின்னுக்கு என்று இராஜேஸ்வரி லைனில் ஆள் போடுவதுபோலக் கைகாட்டி நிறுத்தினா. தங்கைக்காரி ஆறடிக்குக் கிட்ட உயரம், அவளுக்குச் சமமாக மற்றப் பக்கத்தில் அருள்நாயகி. கதவுவரை வண்டியில் உருட்டி, படியில் மட்டும் கைபிடியைப் பிடித்து இடுப்பளவில் தூக்கினால் போதும் என்று அடக்கச்சாலைக்காரர் காதுக்குள் சொன்னார். இராஜேஸ்வரி சரி என்று தலையை ஆட்டினா. வண்டி வேண்டாம் என்று பேர்ணடெற் சொன்னாள். 

"பிடியுங்கோ," என்றா இராஜேஸ்வரி. "முழங்காலை மடியுங்கோ, முதுகை இல்லை. ஒண்டு, ரெண்டு, தோளுக்கு."

தோளுக்கு என்று அவ சொன்னது பழக்கத்தில். இந்த நாட்டில் யாரும் அப்படித் தூக்குவதில்லை. கைபிடியில் தொங்கவிட்டுத்தான் கொண்டுபோவார்கள். ஆனால் ஊரில் பிரேதம் தோளுக்குத்தான் போகும், வேறுவிதமாக நாலு தமிழ்ப் பெண்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் குரலுக்கு உடம்பு கேட்டுப் பழகிவிட்டது. பெட்டி இடுப்பைத் தாண்டி மேலே எழும்பியது. அக்கா தங்கை இருவரும் திகைத்து, பிறகு தாங்களும் உயர்த்தினார்கள். தங்கைக்காரி முழங்காலை மடித்து மற்றவர்களின் உயரத்துக்கு இறங்கினாள். அடக்கச்சாலைக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னே பாய்ந்தார். மூப்பர் பெல் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தார், விடவில்லை.

பெட்டியின் விளிம்பு பேர்ணடெற்றின் கழுத்தடியில் வந்து இருந்தது. பாரம் என்று நினைத்துப் பயந்திருந்தாள். மாரி முழுக்க இரவில் தனியாகப் புரட்டிப்போட்ட உடம்பு, குளியலறைக்குத் தனியாக அணைத்துக்கொண்டு போன உடம்பு. இன்று அதைத் தூக்க அவளோடு ஐந்து பேர் நின்றார்கள். இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

"வலது காலை வையுங்கோ," என்றது முன்னாலிருந்து குரல். "பாத்து, படி. அவசரமில்லை. தவமணி, இழுக்காதை, மனுசி ஓடப்போறேல்லை."

"நான் இழுக்கேல்லை அக்கா, பின்னுக்குத் தள்ளுகினம்," என்றாள் தவமணி.

படி முடியுமட்டும் ஒரு கால்கூடச் சறுக்கவில்லை. கீழே கிளிபோட் வெறுங்கையோடு நின்றான். பெட்டி தன் முன்னால் தோள் உயரத்தில் வந்தபோது அவன் தொப்பியைக் கழற்றினான். கையைத் தூக்கி, கடந்து போகிற பலகையில் ஒருதரம் வைத்தான். பின்னால் வாசலில் நின்ற பழைய போர்ட்டர்மார் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அடக்கம் முடிந்து சேர்ச்சு மண்டபத்தில் சாப்பாடு வைத்தார்கள். தவமணி பொரித்த கோழியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, ஜமேக்கா அக்காவுக்குக் கைப்பாஷையில் ஏதோ விளங்கப்படுத்திச் சிரிக்கப் பண்ணிக்கொண்டிருந்தாள். கிளிபோட் மூப்பர் பெல்லோடு ஒரு மூலையில் இருந்து, தாயைப்பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் இந்தக் கிழமையில் முதல்தரமாக இறுக்கம் விட்டிருந்தது. இராஜேஸ்வரி தோயாமல் பச்சைத்தண்ணியும் குடிக்கவில்லை. பேர்ணடெற் கிளிபோட்டிடம் காரின் திறப்பை வாங்கிக்கொண்டு அவவை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

வழியில் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. தோள் நோகுதோ என்று பேர்ணடெற் கேட்டாள். நோகத்தானே வேணும் என்றா இராஜேஸ்வரி. மண்டபத்துக்கு எத்தனை பேர், சோடனைக்கு ஆர் என்று பேர்ணடெற் கேட்க, கலியாணக் கதை கொஞ்சம் ஓடியது. மகளுக்கு மாம்பழ நிறத்தில் கூறைச் சேலை எடுத்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் பேர்ணடெற் மேல்மாடிக் குளியலறையைத் திறந்துவிட்டாள். நோயாளிக்காகப் போட்ட பிளாஸ்ரிக் கதிரை தொட்டிக்குள் அப்படியே நின்றது. எடுக்கட்டோ என்று கேட்டாள். விடு பிள்ளை, இருந்து தோயிறன், கால் இழுக்குது என்று இராஜேஸ்வரி கதவைச் சாத்தினா.

உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியது. மாரித் தொடக்கத்தில், ஓடெஸா தானே குளித்த நாட்களில், அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேர்ணடெற் இந்தக் கதவோடு நின்றிருக்கிறாள், விழுந்துவிடுவாரோ என்று கைபிடியில் கையை வைத்தபடி. இன்றும் கால் தானாகப் போய் நின்றது. கை தானாகப் பிடியில் போனது. உள்ளே இராஜேஸ்வரி, என்ன கொதிக்கக் கொதிக்க வருகுது என்று தண்ணீரோடு புறுபுறுப்பது கேட்டது.

பேர்ணடெற் கையை எடுத்தாள். மேல்படியில் போய் இருந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, இரண்டு காலையும் நீட்டினாள்.